பதினேழாம் இலக்கம்

அன்று எங்கள் சிகிச்சை நிலையத்தில் நீரிழிவுக் கிளினிக். காலை ஆறரை மணிக்கே முன்மண்டபம் நிறைந்துவிட்டது. இரத்தம் எடுப்பதற்காக வெறும் வயிற்றோடு வந்தவர்களே அதிகம். நான் வைத்தியரும் அல்ல, தாதியும் அல்ல. மட்டக்களப்பு நகருக்கு வெளியே ஊர்ச் சங்கம் ஒன்று நடத்தும் சிறிய நிலையத்தில் கணக்கு எழுதுபவள். கிளினிக் நாட்களில் இலக்கத் துண்டு கொடுப்பதும், ஒலிவாங்கியில் இலக்கங்களை அழைப்பதும் என் வேலை.

பத்தரை மணியளவில் மூன்றாம் வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் கதிரையிலேயே சரிந்தார். ஓடிப்போய்ப் பிடித்தோம். தாதி விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்த்தார். சீனி நன்றாக இறங்கியிருந்தது. நல்ல வேளையாக நினைவு தப்பவில்லை. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததும் மெல்ல மெல்லத் தெளிந்தார். அவருடைய கையில் வியர்வையில் நனைந்த துண்டு ஒன்று இருந்தது. இலக்கம் 17. நாங்கள் அப்போது அழைத்துக்கொண்டிருந்தது 31.

"பதினேழை எட்டரைக்கே மூண்டு தரம் கூப்பிட்டேனே அம்மா, கேக்கல்லயா?" என்றேன்.

"கேட்ட புள்ள. எனக்குப் பதினெட்டு எண்டு கேட்டிச்சு. எண்ட நம்பர் இன்னும் வரல்ல எண்டு இருந்திட்டன்" என்றார்.

அந்தப் பதில் என்னைச் சுட்டது. பதினேழு, பதினெட்டு. இரண்டுக்கும் வேறுபாடு சொல்லின் கடைசியில்தான். அந்தக் கடைசிப் பகுதி அவருடைய காதுக்குப் போய்ச் சேரவில்லை. அவர் கவனக்குறைவாக இருக்கவில்லை. மூன்று முறை கத்திய நானும் கவனக்குறைவாக இருக்கவில்லை. அப்படியானால் பிழை எங்கே?

நான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தேன். உட்கூரையில் வட்டமாக நான்கு ஸ்பீக்கர்கள். கட்டடத்தைத் திருத்திய காலத்தில் நன்கொடையாளர் ஒருவர் வாங்கித் தந்தவை. ஆனால் அவற்றை இயக்க அம்ப்ளிபயர் வாங்கப் பணம் போதவில்லை. யாரோ ஒருவர் தமது வீட்டில் பாட்டுக் கேட்ட பழைய அம்ப்ளிபயரைத் தந்தார். அதையே இணைத்துவிட்டோம். அன்று முதல் சத்தம் ஈனமாகத்தான் வந்தது. திருகியை முழுவதும் திருப்பினால் சத்தம் கொஞ்சம் கூடும். கூடவே தொண்டை கட்டியது போலக் கரகரக்கும். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "பெரிய அம்ப்ளிபயராக ஒன்று வாங்குங்கள்" என்று பணம் ஒதுக்கினார்கள். வாங்கும் பொறுப்பு பொருளாளரான என் தலையில் விழுந்தது.

நகரத்தில் ஒரு கடைக்குப் போனேன். "எத்தின வொட்ஸ் வேணும் மிஸ்?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் 300 வொட் அம்ப்ளிபயர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இத வைங்க மிஸ், றோட்டுக்கும் கேக்கும்" என்றார். மேற்கொண்டு நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என்னுடன் வந்த கணவரின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். கணவருக்கோ இதில் எதுவும் தெரியாது. பணத்தை எண்ணப் போன கையை ஏனோ நிறுத்திக்கொண்டேன். றோட்டுக்குக் கேட்பதல்லவே எங்களுக்குத் தேவை, மூன்றாம் வரிசைக்கு விளங்குவதுதானே தேவை என்ற எண்ணம் என்னைத் தடுத்தது.

என் தங்கையின் மகள் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்தவள். மறுநாள் அவளை அழைத்து வந்தேன். வந்தவள் ஏணியில் ஏறி ஒரு ஸ்பீக்கரைக் கழற்றி அதன் முதுகைக் காட்டினாள். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய இரும்புக் கட்டை ஒன்று அதில் பொருத்தப்பட்டிருந்தது. "100 வோல்ட்" என்றும், பக்கத்தில் 6, 3, 1.5 வொட் என்றும் எழுதியிருந்தது.

"பெரியம்மா, சந்தியில கம்பத்தில ட்ரான்ஸ்போமர் நிக்குதுதானே? அது மாதிரித்தான் இதுவும்" என்றாள்.

அவள் விளக்கிய விதம் இன்றும் மனதில் நிற்கிறது. ஊர்களுக்கு வரும் பெரிய மின் கம்பிகளில் 33,000 அல்லது 11,000 வோல்ட் ஓடுகிறது. அழுத்தத்தைக் கூட்டி அனுப்பினால் நீண்ட தூரம் போனாலும் கம்பியில் வீணாவது குறைவு. சந்தியில் நிற்கும் ட்ரான்ஸ்போமர் அதைக் குறைத்து வீட்டுக்கு 230 வோல்ட்டாகத் தருகிறது. கூரை ஸ்பீக்கர்களும் அதே முறைதான். அம்ப்ளிபயர் முழு வலுவில் 100 வோல்ட் அழுத்தத்தில் ஒலியை அனுப்பும். ஒவ்வொரு ஸ்பீக்கரின் முதுகிலும் உள்ள குட்டி ட்ரான்ஸ்போமர் அதைக் குறைத்துத் தனக்கு வேண்டிய 6 வொட்டையோ 3 வொட்டையோ எடுத்துக்கொள்ளும்.

வீட்டு அம்ப்ளிபயரால் அந்த 100 வோல்ட்டைத் தர முடியாது. 50 வொட் வீட்டு அம்ப்ளிபயர் ஒன்று முழு மூச்சில் தருவது ஏறத்தாழ 20 வோல்ட்தான். அழுத்தம் ஐந்தில் ஒன்றானால் ஸ்பீக்கருக்குப் போகும் வலு இருபத்தைந்தில் ஒன்றாகிவிடும். எங்கள் மண்டபத்தில் சத்தம் ஈனமாக வந்ததன் காரணம் இதுவே. அதற்கு மேல் திருகியைத் திருப்பும்போது அம்ப்ளிபயர் திணறி, ஒலியின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கிறது.

"அப்படியென்றால் அந்தக் கட்டைகளைக் கழற்றிவிட்டு நேரே இணைக்கலாமா?" என்று கேட்டேன். மின்வேலை செய்பவர் ஒருவர் முன்பு அப்படித்தான் யோசனை சொல்லியிருந்தார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கட்டை இல்லாத ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 8 ஓம். நான்கையும் ஒரே கம்பியில் பக்கம் பக்கமாக இணைத்தால் 2 ஓமாகக் குறைந்துவிடும். 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று முதுகில் எழுதியிருக்கும் அம்ப்ளிபயருக்கு அது தாங்க முடியாத சுமை. கொதித்து எரிந்துபோகவும் கூடும். நன்கொடைப் பணம் ஒரு பிற்பகலில் புகையாகியிருக்கும்.

பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டோம். மண்டபம் 24 அடி நீளம், 14 அடி அகலம். கூரை ஒன்பதரை அடி உயரம். கதிரையில் இருப்பவரின் காது நிலத்திலிருந்து ஏறக்குறைய நாலடியில் இருக்கும். ஆகவே ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடையில் ஐந்தரை அடிதான். இவ்வளவு கிட்டத்தில் பேச்சுக் கேட்பதற்கு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 3 வொட் தாராளம். நான்குக்கும் 12 வொட். பின்னர் விறாந்தையில் இரண்டு பூட்டினால் 18 வொட். அம்ப்ளிபயர் எந்நேரமும் முழு மூச்சில் உழைக்காதிருக்க அதில் கால் பங்கைக் கூட்டினால் இருபத்திரண்டரை. ஆக, 30 வொட் அம்ப்ளிபயர் போதும்.

"கடைக்காரர் 300 காட்டினாரே!" என்றேன்.

"300 வாங்கினாலும் இந்த நாலு ஸ்பீக்கரும் எடுக்கிறது அதே 12 வொட்தான் பெரியம்மா. மிச்சம் சும்மா கிடக்கும்" என்றாள். வொட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும் என்பதையும், காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு வொட் வேண்டும் என்பதையும் அவளிடமிருந்தே அறிந்தேன்.

ஆனால் என் மனதில் நின்ற கேள்வி வேறு. சத்தம் கூடினால் அந்த அம்மாவுக்கு விளங்கியிருக்குமா? இதை எங்கள் வைத்தியரிடம் கேட்டேன். வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சென்ற மேல் ஒலிகளை என்றார். 'ச', 'ட', 'த' போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த மேல் ஒலிகளில்தான் இருக்கிறது. அதனால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. போதாததற்கு எங்கள் மண்டபம் சீமெந்துச் சுவரும் தரையோடும் கொண்டது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட எதிரொலியும் கூடி, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மூடிவிடும். தூரத்திலிருந்து உரத்துக் கத்தும் ஒரு பெரிய ஸ்பீக்கரை விட, தலைக்கு மேலே மெதுவாகப் பேசும் நாலு சின்ன ஸ்பீக்கர்கள் இப்படியான இடத்துக்கு நல்லவை. அந்த நாலும் எங்களிடம் முன்பே இருந்தன. அவற்றுக்குப் பொருந்தும் துணைதான் இருக்கவில்லை.

அடுத்த முறை கடைக்குப் போனபோது நான் தனியாகவே போனேன், கையில் ஒரு துண்டுக் கடதாசியோடு. 100 வோல்ட் வெளியீடு உள்ளதா? எழுதியிருக்கும் 30 வொட் தொடர்ந்து தரக்கூடியதா, அல்லது விளம்பரத்துக்கான உச்ச அளவா? ஒலிவாங்கியில் பேசும்போது வானொலிச் சத்தம் தானாக அடங்குமா? அறிவிப்புக்கு முன் மணி ஒலிக்கும் வசதி உண்டா? கீழ் ஒலிக்கும் மேல் ஒலிக்கும் தனித்தனித் திருகி உண்டா? பழுதானால் இங்கேயே திருத்தலாமா? கடைக்காரர் இம்முறை என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். இரண்டு பெட்டிகளைப் புறம் தள்ளிவிட்டு மூன்றாவதைத் தெரிவுசெய்தோம். ஒதுக்கிய பணத்தில் கணிசமான பகுதி மிஞ்சியது.

தங்கையின் மகள் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 3 வொட்டில் இணைத்தாள். 100 வோல்ட் கம்பி கையைத் தாக்கக் கூடியது என்பதால் அம்ப்ளிபயரை நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றிய பிறகே கம்பியைத் தொட்டாள். மூன்று முள் பிளக்கில் புவி இணைப்பு உள்ளதா என்று பார்த்தாள். பெட்டியின் மேல் பதிவேடுகளை அடுக்கக் கூடாது, காற்றுப் போக நாலு விரல் இடைவெளி வேண்டும் என்று என்னை எச்சரித்தாள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுவது இப்போது என் வழக்கம். கீழ் ஒலியைச் சற்றுக் குறைத்து வைத்ததும் குரலின் முழக்கம் போய்ச் சொல் தெளிந்தது.

நானும் சிலவற்றைத் திருத்திக்கொண்டேன். ஒலிவாங்கியை வாயோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் பிடிக்கிறேன். முதலில் மணி, பிறகு ஒரு மூச்சு நேரம் அமைதி, அதன் பின்னரே இலக்கம். "பதினேழு" என்று சொன்ன கையோடு "ஒன்று, ஏழு" என்று பிரித்தும் சொல்கிறேன். காது அறவே கேளாதவர்களுக்கு எந்த அம்ப்ளிபயரும் உதவாது. ஆகவே மிஞ்சிய பணத்தில் ஒரு பெரிய இலக்கப் பலகை செய்வித்துச் சுவரில் மாட்டினோம். வெறும் வயிற்றோடு வந்தவர் யாரும் அழைப்புக்கு எழுந்து வராவிட்டால், அடுத்த இலக்கத்துக்குப் போகுமுன் தாதி வரிசையில் இறங்கி விசாரிக்கிறார். உண்மையில் அதை நாங்கள் முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும்.

சகோதரிகளே, முன்பள்ளி, நூலகம், சங்கக் கட்டடம் என்று பல இடங்களில் நாம் பொருள் வாங்கும் பொறுப்பில் இருக்கிறோம். "எத்தனை வொட்" என்று கடையில் கேட்பார்கள். அதற்கு முன், யார் கேட்கப் போகிறார்கள், எவ்வளவு தூரத்தில் இருக்கப் போகிறார்கள், கூரையில் இருக்கும் ஸ்பீக்கரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் பார்த்துக்கொண்டு போவோம். ஏணி பிடிக்க ஒருவர் இருந்தால் போதும், இதையெல்லாம் நாமே பார்க்கலாம்.

அந்த அம்மா அடுத்த மாதம் மீண்டும் வந்தார். அன்று அவருக்கு இலக்கம் 14. மணி ஒலித்து, ஒரு முறைதான் அழைத்தேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தவர், என் மேசையருகில் நின்று சொன்னார்:

"இண்டைக்குக் கத்தாமக் கூப்பிட்டாய் புள்ள. நல்லா விளங்கிச்சு."