கைப்பும் உறைப்பும்

இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு வரும் பயணிகள் பலர், ஓவியக் கூடங்களையும் தேவாலயங்களையும் பார்த்து முடித்த பின்னர் அரை நாளை ஒதுக்கித் தெற்கே கியாந்திக் குன்றுகளுக்குச் சென்று வருவர். அங்குள்ள பண்ணைகளில் ஒரு மணி நேரம் அமர்ந்து, அம்மண்ணின் வைனையும் ஒலிவ் எண்ணெயையும் சுவைத்துப் பார்க்கலாம். வைனைச் சுவைப்பது பலரும் அறிந்த விடயம். எண்ணெயைக் குடித்துப் பார்ப்பதற்குப் பணம் கொடுப்பதென்பது நம்மவர்க்குச் சற்று விநோதமாகவே தோன்றும்.

2018ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், பாரிஸில் வதியும் எனது தமக்கையின் மகனுடன் நானும் அங்கு சென்றிருந்தேன். புளோரன்ஸிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ள கிரேவே என்ற சிற்றூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். முக்கோண வடிவான அதன் சந்தைச் சதுக்கத்தின் நடுவே வெராசானோ என்ற மாலுமியின் சிலை நிற்கிறது. 1524இல் நியூயோர்க் துறைமுகப் பகுதிக்குள் கப்பல் செலுத்திய முதல் ஐரோப்பியர் இவரெனக் கருதப்படுகிறார். அவரது குடும்பத்தின் கோட்டை அவ்வூருக்கு அண்மையிலேயே இருக்கிறது.

நாங்கள் சென்ற பண்ணை சிறியது. அறுபது வயதைத் தாண்டிய அதன் உரிமையாளரான அம்மையாரே எங்களை வரவேற்றார். எங்களுடன் வேறு நாடுகளைச் சேர்ந்த ஆறு பேர் இருந்தனர். நீண்ட மரமேசையின் மீது வெள்ளைத் துணி விரிக்கப்பட்டிருந்தது. ஆளுக்கு மூன்று வைன் குவளைகள், மூடியுள்ள சிறிய நீலக் கிண்ணம் ஒன்று, சில துண்டு பாண், வாயிலிட்ட வைனை உமிழ்வதற்கு ஒரு சாடி. ஒழுங்கு அவ்வளவுதான்.

வைனைச் சுவைக்கும் முறையை அம்மையார் நிதானமாக விளக்கினார். முதலில் குவளையைச் சரித்து, வெள்ளைத் துணியின் பின்னணியில் நிறத்தைப் பார்க்க வேண்டும். பின்னர் முகர வேண்டும். குவளையைச் சுழற்றி மீண்டும் முகர வேண்டும். அதன் பிறகே ஒரு வாய். விழுங்குவதா உமிழ்வதா என்பது அவரவர் விருப்பம். கியாந்தி கிளாசிகோ என்ற பெயர் பெறுவதற்கு அந்த வைனில் குறைந்தது 80 சதவீதம் சஞ்சோவேசே என்ற கருமுந்திரிகை இருக்க வேண்டும் என்பது சட்டம். திராட்சையை நாம் யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்போம். குடாநாட்டின் செம்மண் ஊர்களில் பந்தலிட்டு வளர்க்கப்படுவதும் அதுதான். அங்கோ குன்றுச் சரிவுகளில் கம்பி இழுத்து வரிசை வரிசையாக வளர்க்கின்றனர்.

சஞ்சோவேசே இனிப்பைக் காட்டாது. புளிப்பு முதலில் வரும். பின்னர் நாவின் ஓரங்களும் ஈறுகளும் இறுகிக் கொள்ளும். அந்த உணர்வை என்னவென்று சொல்வதென்று மேசையிலிருந்த ஏனையோர் சொற்களைத் தேடினர். ஒருவர் காய்ந்தது என்றார், இன்னொருவர் கரடுமுரடானது என்றார். என் மருமகனோ உடனே, "மாமா, நாவற்பழம் திண்ட மாதிரி இருக்கு" என்றான். அவன் பிரான்ஸில் வளர்ந்தவன். ஆனாலும் அவனது நாக்கு துவர்ப்பை மறந்துவிடவில்லை. அறுசுவைகளுள் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணி அதற்குத் தனிச்சொல் வைத்திருப்பது நமது மொழியின் பேறு. பாக்கும் வாழைப்பூவும் நாவற்பழமும் பழக்கிய நாவுக்குக் கியாந்தியின் துவர்ப்பு அந்நியமானதன்று.

போத்தலின் கழுத்தில் கறுப்புச் சேவலின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. அதற்கு ஒரு கதை உண்டு. புளோரன்ஸும் சியெனாவும் எல்லைக்காகச் சண்டையிட்டு ஓய்ந்தபோது, இரு நகரங்களிலிருந்தும் சேவல் கூவியதும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்படுவது, இருவரும் சந்திக்கும் இடமே எல்லை என்று உடன்பட்டனராம். சியெனா மக்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டனர். புளோரன்ஸ் மக்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டனர். பசித்த சேவல் விடியுமுன்பே கூவிற்று, கியாந்தியின் பெரும்பகுதி புளோரன்ஸுக்குப் போயிற்று. கதை எவ்வாறாயினும், அச்சின்னத்தின் பின்னாலுள்ள வரலாறு ஆவணங்களில் இருக்கிறது. 1716ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் திகதி டஸ்கனியின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ, கியாந்தி உள்ளிட்ட நான்கு வைன் பிரதேசங்களின் எல்லைகளை வகுத்து ஆணை பிறப்பித்தார். வைனின் பெயரை மண்ணின் எல்லையோடு சட்டத்தால் பிணைத்த மிகப் பழைய முயற்சிகளுள் இது ஒன்று. 1924இல் 33 உற்பத்தியாளர்கள் கூடி அப்பெயரைக் காப்பதற்கு ஒரு சங்கம் அமைத்தனர். கறுப்புச் சேவல் அச்சங்கத்தின் சின்னம்.

அடுத்து எண்ணெய். அம்மையார் நீலக் கிண்ணங்களில் அரைவாய் எண்ணெய் ஊற்றினார். எண்ணெயின் நிறம் மனதை மயக்கிவிடக் கூடாது என்பதற்காகவே கிண்ணம் நீலமாக இருக்கிறது. பச்சையாக இருந்தால் உயர்ந்தது என்றும் மஞ்சளாக இருந்தால் தாழ்ந்தது என்றும் கண் முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடுமாம். கிண்ணத்தின் அடியை உள்ளங்கையில் ஏந்தி, மறுகையால் மேலே மூடி, சூடேறும்வரை வைத்திருக்க வேண்டும். முறைப்படி சுவைப்போர் எண்ணெய் ஏறத்தாழ 28 பாகை வெப்பத்தில் இருக்கும்போது சுவைப்பர். மூடியைத் திறந்ததும் அப்போதுதான் அறுத்த புல்லின் மணம் எழுந்தது. ஒரு சிறு மிடறு எடுத்து, பற்களுக்கிடையால் காற்றை உறிஞ்சி, பின் விழுங்கச் சொன்னார்.

நாவில் முதலில் கைப்பு. ஒரு கணம் கழித்துத் தொண்டையில் மிளகைக் கடித்தாற்போன்ற எரிவு. மேசையிலிருந்த எண்மரும் ஒருவர் பின் ஒருவராக இருமினோம். மருமகன் என் காதருகே குனிந்து, "மாமா, எண்ணெய் காறிப் போச்சுப் போல" என்றான்.

அவன் சொன்னதை நான் அம்மையாருக்கு ஆங்கிலத்தில் கூறினேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே சென்று, குசினியில் பல மாதங்களாகத் திறந்தபடி இருந்த வேறொரு போத்தலைக் கொண்டு வந்தார். அதனை முகரக் கொடுத்தார். நாட்பட்ட தேங்காயின் காறல் மணம். "இதுதான் கெட்டது. இது இருமச் செய்யாது, எரியாது, வழுவழுவென்று இறங்கிவிடும். எரிவதுதான் உயிரோடிருக்கிறது" என்றார்.

பயணிகளுக்குச் சொல்லும் அலங்காரப் பேச்சு அன்று இது. எண்ணெயைத் தரம்பிரிக்கும் ஐரோப்பிய விதிகளும் பழமணம், கைப்பு, உறைப்பு ஆகிய மூன்றையும் நற்குணங்களாகவே பட்டியலிடுகின்றன. எக்ஸ்ட்ரா வேர்ஜின் என்ற முதல் தரத்தைப் பெறுவதற்கு எண்ணெயின் அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேற்படலாகாது. அது மாத்திரம் போதாது. எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரையான பயிற்சி பெற்ற சுவைஞர் குழு சுவைத்துப் பார்த்துக் குறையேதும் இல்லை என்று சொல்லவும் வேண்டும். தொண்டையைப் பிடிக்கும் அந்த எரிவின் காரணத்தையும் அறிவியல் கண்டறிந்திருக்கிறது. சிசிலியில் புது எண்ணெயைச் சுவைத்த அமெரிக்க ஆய்வாளர் கரி போஷாம்ப், ஐபியூபுரோபன் என்ற வலிநிவாரணி தொண்டையில் உண்டாக்கும் அதே எரிவை அதில் உணர்ந்தார். அவரும் சகாக்களும் அதற்குரிய பொருளைப் பிரித்தெடுத்து ஒலியோகாந்தல் எனப் பெயரிட்டு 2005இல் நேச்சர் இதழில் எழுதினர். வீக்கத்தைத் தூண்டும் நொதிகளை இரண்டுமே தடுக்கின்றன என்பது அவர்களது முடிவு.

கைப்பை விரும்பி உண்பது நமக்கும் புதிதன்று. பாவற்காய்க் குழம்பும் வேப்பம்பூ வடகமும் இல்லாத யாழ்ப்பாணத்துச் சமையலை எண்ணிப் பார்க்க முடியுமா? ஆயினும் எண்ணெய் கைக்கலாம் என்று மாத்திரம் நாம் நினைத்ததில்லை. நமது செக்கு நல்லெண்ணெய்க்கு மணமே இலட்சணம். டஸ்கனிப் பாணும் எங்களுக்கு ஆச்சரியமாகவே இருந்தது. அதில் உப்பே கிடையாது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அங்கோ உப்பில்லாத பாணில் எண்ணெயை ஊற்றினால் எண்ணெயின் குணம் முழுவதும் தெரிகிறது.

சுவைத்து முடிந்ததும் அம்மையார் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். ஒலிவ மரங்களில் பல, ஒரே அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டுகளாகக் கிளைத்து நின்றன. தொன்மையான மரங்கள் என்றால் பருத்த ஒற்றைத் தண்டல்லவா இருக்க வேண்டும் என்று கேட்டேன். 1985ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த கடுங்குளிரைப் பற்றி அப்போது சொன்னார். புளோரன்ஸ் பகுதியில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே 20 பாகைக்கும் அப்பால் இறங்கிற்று. டஸ்கனியின் ஒலிவத் தோப்புகளில் பெரும்பகுதி சில இரவுகளில் கருகிப் போயிற்று. அவரது தந்தையார் மரங்களை நிலமட்டத்தோடு வெட்டிவிட்டுக் காத்திருந்தார். வேர்கள் சாகவில்லை. வெட்டிய அடிகளைச் சுற்றித் தளிர்கள் வந்தன. அவற்றுள் திடமானவற்றை விட்டு ஏனையவற்றைக் கழித்தார். நாங்கள் சுவைத்த எண்ணெய் அத்தளிர்களின் காயிலிருந்து வந்தது.

அந்தத் தந்தையார் அந்நிலத்தின் உரிமையாளராகப் பிறந்தவர் அல்லர். அவர் மெட்ஸாத்ரோ, அதாவது அரைவாரக் குடியானவர். டஸ்கனியில் பல நூற்றாண்டுகள் நிலவிய வழக்கம் அது. நிலமும் வீடும் பிரபுவுக்கு, உழைப்பு குடும்பத்துக்கு, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. 1964இல் நிறைவேறிய சட்டம் புதிதாக அத்தகைய ஒப்பந்தங்கள் செய்வதைத் தடை செய்தது. அதற்கு முன்னரே இளையோர் தொழிற்சாலைகளை நாடி நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தனர். கைவிடப்பட்ட கல்வீடுகள் மலிவாகக் கிடைத்தன. வெளிநாட்டவர் பலர் வாங்கினர். அம்மையாரின் தந்தையார், பாதி கொடுத்து உழுத நிலத்தில் ஒரு துண்டைக் கடன்பட்டு வாங்கினார். "அப்பாவின் காலத்தில் விருந்தினருக்கு வைனை ஊற்றியவர் பிரபு. நாங்கள் வண்டியில் ஏற்றிக் கொடுத்தோம். இன்று நான் ஊற்றுகிறேன்" என்றார் அவர். அதைச் சொன்னபோது அவரது குரலில் பெருமை இருந்தது, கசப்பு இருக்கவில்லை.

ஐம்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்த எனக்கு, அந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் மனம் நமது மலைநாட்டுக்கே போயிற்று. நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையிலும் இவ்வாறு பயணிகளுக்கான சுவைத்தல் நடக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுவர். வாட்டுவதையும் அரைப்பதையும் சலிப்பதையும் விளக்குவர். பின்னர் வரிசையாகக் கிண்ணங்களில் தேநீர் வரும். பெயரைக் காப்பதிலும் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். சிலோன் தேயிலையின் சிங்க இலச்சினை உலகறிந்தது. இலங்கைக் கறுவாவுக்கும் 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட கதையையும் வழிகாட்டிகள் தவறாது சொல்வர்.

அக்கதையில் கொழுந்து கிள்ளும் பெண் வருவதில்லை. வந்தாலும் புகைப்படமாகவே வருகிறாள். அவளுடைய மூதாதையர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டதும், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்கள் நாடற்றோராக்கப்பட்டதும், அந்த அநீதிக்கு முற்றான முடிவுகட்டும் சட்டம் 2003இல் தான் வந்ததும், 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கான பல்லாண்டுப் போராட்டம் 2021இல் தான் வர்த்தமானி ஏறியதும் அந்தக் கிண்ணங்களோடு பரிமாறப்படுவதில்லை. பயணிகளின் மனம் நோகும் என்று கருதுகிறார்கள் போலும். கியாந்தியில் எட்டுப் பயணிகள் அரைவாரத்தின் கதையையும் உறைபனியின் கதையையும் கேட்டோம். ஒருவரும் மனம் நொந்து எழுந்து போகவில்லை. எல்லோரும் போத்தல் வாங்கினோம், ஏனெனில் அதன் விலை எதற்கென்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இரு நாட்டு நிலைமைகளும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். சிறு பண்ணைக்கும் ஆயிரம் பேர் வேலை செய்யும் தோட்டத்துக்கும் வேறுபாடு பெரிது. எனினும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேயிலை சுவைக்க வரும் பயணிகளின் மேசையருகே, இருபது முப்பது ஆண்டுகள் கொழுந்து கிள்ளிய ஒருவரை, அதற்குரிய தனிச் சம்பளம் கொடுத்து நிறுத்தலாம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எதற்காகக் கிள்ளப்படுகின்றன, மழைநாளில் கொழுந்து என்ன எடை காட்டும், அட்டை கடிக்காமல் காலை எவ்வாறு காப்பது என்று அவரே சொல்லட்டும். தமிழிலேயே சொல்லட்டும், மொழிபெயர்க்க அவரது மகளோ மகனோ அங்கு இருப்பார். அவர்களில் பலர் இன்று படித்திருக்கிறார்கள், வேலை தேடிக் கொழும்பில் அலைகிறார்கள்.

மருமகன் வாங்கிய எண்ணெய்ப் போத்தல் பாரிஸுக்குப் போயிற்று. அதைத் தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டதாகவும், தாய்க்கு இருமல் வந்ததாகவும், பழுதான சாமானுக்கு இவ்வளவு காசு கொடுத்தாயா என்று அவர் ஏசியதாகவும் தொலைபேசியில் சொன்னான். தாய்க்கு அவன் எல்லாவற்றையும் விளக்கினானாம். 1985இன் குளிரையும் சேர்த்து.