வெயில் அரிப்பும் வெள்ளை உருண்டையும்

புதுச்சேரிக்காரனுக்கு வெயில் புதிதா? 35 வருடம் சைக்கிளில் அலுவலகம் போய் வந்தவன் நான். ஆனால் 2016 கோடையில், காலையில் பெரிய மார்க்கெட் போய்த் திரும்பினாலே முழங்கை முதல் விரல் வரை சிவந்து, பொரிப் பொரியாக அரிக்க ஆரம்பித்தது. கழுத்திலும், சட்டையின் மேல் பொத்தான் திறந்திருக்கும் இடத்திலும் அப்படியே.

பிரெஞ்சில் படித்தவனாயிற்றே, 'அலெர்ழி ஒ சொலேய்' என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஃபைலுக்குத் தலைப்பு எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிற குமாஸ்தா புத்தி.

எங்கள் தெருவில் ஒரு ஹோமியோபதி டாக்டர். என்னைவிட மூத்தவர், என்னை 'முசே' என்றுதான் கூப்பிடுவார். சுவரில் ஹானிமன் படம். ஜெர்மன்காரரான ஹானிமன் கடைசியில் பாரிஸில் வைத்தியம் பார்த்து, 1843இல் அங்கேயே இறந்தவர் என்று அவர்தான் சொன்னார். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். உப்பு அதிகம் பிடிக்குமா? துக்கத்தை உள்ளேயே வைத்துக்கொள்வீர்களா? என் மனைவி இறந்து அப்போது ஒரு வருடம். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்றும் கேட்டார். பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்வாரோ என்று பயந்து, "ஒன்றுமில்லை டாக்டர்" என்றேன்.

நேட்ரம் மூர் 200 கொடுத்தார். காபி கூடாது. நேட்ரம் மூர் என்றால் நாம் சாப்பிடும் உப்புதான். நூறில் ஒரு பங்காக 200 தடவை நீர்த்தது. முப்பது தடவை நீர்த்தாலே உப்பு ஒரு துளிகூட மிஞ்சாது என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த பிரான்சிலேயே 2021 முதல் இந்த மருந்துகளுக்கு அரசுக் காப்பீடு பணம் தருவதில்லை.

மார்கழியில் அரிப்பு குறைந்தது. மருந்து கேட்கிறது என்று இருவருக்கும் சந்தோஷம். பங்குனியில் திரும்ப வந்துவிட்டது. இப்படியே இரண்டு வருடம்.

மகள் வற்புறுத்தித் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். பட்டை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, ஒரு பொரிகூட இல்லாமல் இருந்தது. "எல்லா மாத்திரையும் காட்டுங்கள்" என்றார். பிரஷர் மாத்திரையோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் சேர்ந்திருந்தது. சிலருக்கு அதனால் வெயில் ஒத்துக்கொள்ளாமல் போகுமாம். அரிப்பு வருவதற்குச் சில மாதம் முன்புதான் எனக்கு அதை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பிரஷர் டாக்டருக்குக் கடிதம் எழுதினார். அவர் வேறு மாத்திரை கொடுத்தார். (யாரும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள்.) இரண்டு மாதத்தில் தோல் பழையபடி ஆனது.

ஹோமியோபதி டாக்டரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கே கேட்டேனே, முசே" என்றார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். என் மனைவியைப் பற்றி அவரிடம் பேச முடிகிறது. உருண்டை கொடுப்பதில்லை, காபி கொடுக்கிறார்.