நின்றுபோன வண்டிகளின் விலை

பழைய பொருள்களைச் சேர்த்து வைத்திருப்போர் பலரிடமும் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு பொருளின் உற்பத்தி நின்றுவிட்டால் அதன் விலை ஏறத் தொடங்கும் என்பதே அது. முத்திரைக்கும் நாணயத்துக்கும் இது ஓரளவு பொருந்தலாம். வானொலி அலையால் இயக்கப்படும் பொழுதுபோக்குக் கார்களுக்கும் பொருந்துமா என்று தேடிப் பார்க்க வேண்டிய தேவை அண்மையில் எனக்கு ஏற்பட்டது. பத்திரிகைத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவனிடம் காணிப் பிணக்கு முதல் கடவுச்சீட்டு விண்ணப்பம் வரை ஊரார் ஆலோசனை கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். இம்முறை வந்தது ஒரு விளையாட்டுக் கார்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீதியொன்றில் வசிக்கும் ஒரு பெண்மணி அதனைக் கொண்டுவந்தார். கப்பலில் வேலை செய்த தாய்மாமன் 1985 இல் சிங்கப்பூரில் வாங்கி வந்து தம்பிக்குக் கொடுத்தது. ஜப்பானின் தமியா நிறுவனம் 1984 இல் வெளியிட்ட ‘ஹோர்னெற்’ என்னும் வண்டி. தம்பி 1989 இல் கனடா சென்றுவிட்டார். இப்போது ஐம்பதைக் கடந்த அவர், இத்தகைய கார்கள் இணையத்தில் நல்ல விலைக்குப் போவதாக அறிந்து, தன்னுடையதை அனுப்பும்படி கேட்கிறார். அக்காவோ, அதனை விற்று 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் திருத்த முடியாமற் கிடக்கும் கூரையைத் திருத்தலாமா என யோசிக்கிறார்.

“ஐயா, இது எவ்வளவு காசுக்குப் போகும் எண்டு பாத்துச் சொல்லுங்கோ. பிறகு நான் அவனோட கதைக்கிறன்” என்றார்.

தேடிப் பார்த்ததில் அறிந்தவற்றைச் சொல்கிறேன். தமியா தன் முதலாவது வானொலிக் காரான போர்ஷே 934 ஐ 1976 இல் வெளியிட்டது. அம்மாதிரியைச் செம்மையாகச் செய்வதற்காக நிறுவனத்தின் சுன்சாகு தமியா ஓர் உண்மையான போர்ஷே காரையே வாங்கிக் கழற்றிப் பார்த்தார் என்பது புகழ்பெற்ற கதை. 1979 இல் ‘சாண்ட் ஸ்கோர்ச்சர்’, 1983 இல் ‘ஃப்ரொக்’, 1984 இல் ‘கிராஸ்ஹொப்பர்’, ‘ஹோர்னெற்’ எனத் தொடர்ந்து வந்தவை ஒரு தலைமுறைச் சிறுவர்களின் கனவாயின. இவை கடையில் வாங்கியவுடன் ஓடுபவை அல்ல. உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் வரும். வாங்கியவரே பூட்டி, மேலுடலுக்கு வர்ணம் பூச வேண்டும். பூட்டத் தெரிந்தவருக்குக் கழற்றித் திருத்தவும் தெரியும். ஆகவேதான் நாற்பது ஆண்டுகளின் பின்னும் அவற்றை ஓடவைக்க முடிகிறது. பூட்டிய நிலையில் வந்த மலிவான விளையாட்டுக் கார்கள் மின்சுற்று பழுதானதும் குப்பைக்குப் போயின; அவற்றைத் தேடி அலைவோரும் குறைவு.

அன்று அவற்றை வாங்க இயலாதிருந்த சிறுவர்கள் வளர்ந்து கையில் காசு சேர்ந்ததும் விலை ஏறியது. இதைத் தமியாவும் கண்டுகொண்டது. ஹோர்னெற்றை 2004 இலும், சாண்ட் ஸ்கோர்ச்சரை 2010 இலும் மீண்டும் வெளியிட்டது. உற்பத்தி நின்றது என்பது நிரந்தரமான நிலை அன்று. அச்சு உள்ளவன் நினைத்தால் மீண்டும் வார்க்கலாம். ஓட்டி மகிழ மட்டும் விரும்பியவர்கள் புதியதை வாங்கிக்கொண்டார்கள். ஏறத்தாழ 100 முதல் 150 அமெரிக்க டொலருக்குள் புதிய ஹோர்னெற் கிடைக்கும்போது, ஓடித் தேய்ந்த பழையதற்கு அதைவிட மிக அதிகமாக யார் கொடுப்பார்? மறுபுறம், மறுவெளியீட்டினால் பழைய வண்டிகளுக்கு ரயரும் பற்சக்கரமும் மீண்டும் கிடைத்தன. சேகரிப்பாளர்கள் இரண்டையும் வேறுபடுத்தியே பார்க்கிறார்கள். பெட்டியில் 58045 என்றிருந்தால் பழையது. 58336 என்றிருந்தால் மறுவெளியீடு. பெருந்தொகை பெறுவது பழைய எண்ணுடன், பாகங்கள் பூட்டப்படாமல், பெட்டி கசங்காமல் இருக்கும் வண்டிதான். அதாவது, எந்தச் சிறுவனும் விளையாடாத வண்டி.

பெண்மணியின் பெட்டியில் 58045 என்றே இருந்தது. ஆனால் வண்டியோ கோட்டைக்கு முன்னாலுள்ள வெளியில் நாள்முழுவதும் ஓடியது. உப்புக் காற்றில் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன, ரயர்கள் வெடித்துவிட்டன. இயக்கும் கருவி இல்லை. 1980களின் பிற்பகுதியில் சுற்றிவளைப்புகள் மிகுந்திருந்த நாள்களில், நீண்ட ஏரியலுடன் கூடிய அந்தக் கருவி வீட்டில் அகப்பட்டால் அது விளையாட்டுச் சாமான் என்று யாருக்கு விளங்கப்படுத்துவது? தாயார் ஓரிரவில் அதைக் கிணற்றில் போட்டுவிட்டார். விலை அதனாற் பெரிதும் குறையாது. ஹோர்னெற் பெட்டியில் அக்கருவி வருவதில்லை. தனியாகவே வாங்க வேண்டும்.

பெட்டியின் கதை வேறு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, கையிலகப்பட்ட உறுதியான பெட்டி அதுவாகவே இருந்தது. அடியில் கார், அதன்மேல் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், தம்பியின் பாடசாலை அறிக்கைகள். முகாமுக்கும் உறவினர் வீடுகளுக்குமாக அது பயணம் செய்தது. மூலைகள் கிழிந்தன, மழை நனைத்த கறையும் படிந்தது. பெட்டி இன்னும் இருப்பதால் விலை சிறிது கூடும் என்றும், கறையினால் அந்தக் கூடுதலும் குறையும் என்றும் சந்தைக் கணக்கு சொல்கிறது. ஆனால் குடும்பத்தின் உறுதிப் பத்திரம் தப்பியது அந்தப் பெட்டியினால்தான்.

எனவே என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னேன். இதை விற்றுக் கூரை போட முடியாது. சில ஓடுகளை மாற்றலாம். வண்டி தம்பிக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதைக் காத்ததற்கும் ஒரு கூலி உண்டு. தொலைவில் இருப்பவர்கள் இங்குள்ள பொருள்களை நினைக்கும்போது, அவை தாமாகவே அங்கே கிடப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். எந்தப் பொருளும் தானாகக் கிடப்பதில்லை. ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஒருவர் அதற்காக அச்சப்பட்டிருக்கிறார். புலம்பெயர்ந்த உறவுகளுக்கிடையே காணி, வீடு, நகை பற்றி எழும் பிணக்குகள் பலவற்றில் இந்தக் கூலி கணக்கிலேயே வருவதில்லை.

இதையே தம்பியிடமும் தொலைபேசியில் சொல்லும்படி அவர் என்னைக் கேட்டுக்கொண்டார். சொன்னேன். தாயார் கருவியைக் கிணற்றில் போட்ட செய்தியையும், 1990 இல் அக்கா பெட்டியைச் சுமந்ததையும் அவர் அன்றுதான் அறிந்தார். சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், “கூரைக்கு எவ்வளவு முடியும் எண்டு கேட்டுச் சொல்லுங்கோ ஐயா” என்றார்.

பணம் வந்தது, கூரை வேலையும் தொடங்கிவிட்டது. வண்டி கனடாவுக்குப் போகிறது. பெட்டியை மட்டும் தர முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார். அதில் இன்னும் உறுதிகள் இருக்கின்றன. பெட்டியில்லாத வண்டிக்கும் வண்டியில்லாத பெட்டிக்கும் சந்தையில் விலை குறைவுதான். இருவரும் அதுபற்றிக் கேட்கவில்லை.