போகும் நாளை யார் எழுதி வைப்பது?

பறவைகள் வருவதை ஊர் கவனிக்கிறது. போவதைக் கவனிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மாரி மழை பிடித்து, கல்முனைக்கு மேற்கே வட்டைகளில் தண்ணீர் நிற்கும்போது உள்ளானும் நீலச்சிறகியும் வந்திறங்குவது எங்கள் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். ஆனால் மாசி, பங்குனியில் வேளாண்மை வெட்டு முடியும் தறுவாயில் அவை கூட்டம் கூட்டமாக வடக்கே திரும்புவது எவர் கண்ணிலும் படுவதில்லை. நேற்று இருந்தன, இன்று இல்லை. அவ்வளவுதான் நமது கணக்கு.

பழந்தமிழ்ப் புலவன் இவ்வளவு அசட்டையாக இருக்கவில்லை. குமரியில் நீராடி வடக்கே போகும் செங்கால் நாரையிடம்தானே சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார்! நாரை எந்தத் திசைக்குப் போகிறது என்பதை அறிந்த ஒருவரால்தான் அப்படி ஒரு பாட்டை நினைக்க முடியும்.

சுபஹுத் தொழுகைக்குப் பின் கிட்டங்கிப் பக்கம் நடப்பது எனது நெடுநாள் வழக்கம். பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை அங்கு காணக் கிடைப்பது மற்றைய மாதங்களில் கிடைக்காது. மாரி முழுவதும் சேற்று நிறத்தில் திரிந்த பொன்னிற உப்புக்கொத்தியின் வயிறும் நெஞ்சும் மெல்லக் கறுக்கத் தொடங்கும். வளைந்த அலகுடைய சிறு உள்ளான் செங்கல் நிறத்துக்கு மாறும். இன்னொரு சிறிய உப்புக்கொத்திக்கு நெஞ்சில் துருநிறப் பட்டை விழும். பயணத்துக்கும் துணை தேடுவதற்கும் அவை உடுத்துக்கொள்ளும் புத்தாடை அது. கூடவே, இரவு பகல் பாராமல் இரைபொறுக்கி உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. நெடும்பறப்பில் அவற்றுக்கு எரிபொருள் அதுவே. முதலாவது பறவை சைபீரியாவின் மரமற்ற வடவெளிக்கும் அலாஸ்காவுக்கும் உரியது. இரண்டாவது ஆர்க்டிக் கரையில் முட்டையிடுவது. மூன்றாவது திபெத்திய மேட்டுநிலத்தைச் சேர்ந்தது. நம் வரம்போரச் சேற்றில் பக்கத்துப் பக்கத்தில் நின்று மேயும் இவற்றின் பிறந்த வீடுகளுக்கிடையே பல ஆயிரம் கிலோமீற்றர் இடைவெளி உண்டு.

புறப்படும் நேரத்தை இவற்றுக்குச் சொல்வது யார்? வடதேசங்களில் பகல் நீள்வதையும் குறுகுவதையும் கண்டு பறவைகள் பருவத்தை அறிகின்றன. நமது கரையோ பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆயினும் அவை நாள் தவறுவதில்லை. மாறாத ஒளியில் கூண்டில் வைத்து வளர்க்கப்பட்ட பறவைகளும் பயணக் காலத்தில் அமைதியிழந்து சிறகடித்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆண்டைக் கணக்கிடும் ஒரு கடிகாரம் அவற்றின் உடலுக்குள்ளேயே ஓடுகிறது என்பதே அதிலிருந்து பெறப்பட்ட முடிவு.

பல வருடங்களுக்கு முன், வயதில் மூத்த வட்டை விதானை ஒருவரிடம் இந்தக் குருவிகள் எப்போது போகின்றன என்று கேட்டேன். "வெட்டு முடிஞ்சா போயிரும் மனே" என்றார். எந்தத் திகதியில் என்று விடாமல் கேட்டதற்கு, "அதுகள் போற நாள ஆரு மனே எழுதி வைக்கிற?" என்று சிரித்தார். செய்தியாளனாக வாழ்ந்தவனுக்கு அந்தக் கேள்வி தைத்தது. திகதி இல்லாதது செய்தியாகாது, எழுதப்படாதது நடந்ததாகவே கொள்ளப்படாது என்பது எங்கள் தொழிலின் பால பாடம்.

எழுதி வைத்தவர்கள் வேறு தேசங்களில் இருந்தார்கள். 1899ஆம் ஆண்டு டென்மார்க்கில் மோர்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் மைனா இனப் பறவைகளின் காலில் இலக்கமிட்ட வளையங்களை மாட்டிப் பறக்க விட்டார். 1901இல் பால்டிக் கரையிலுள்ள ரொசிற்றென் கிராமத்தில் பறவை நோக்கு நிலையம் ஒன்று எழுந்தது. 1910இல் வடகடலின் ஹெலிகொலாந்துத் தீவில் இன்னொன்று அமைந்தது. இந்தியாவில் சலீம் அலி வழிகாட்டிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையமிட்டது. இலங்கையில் 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு உருவான களப் பறவையியல் குழு, தென்கரையின் பூந்தலவில் இதே பணியைச் செய்திருக்கிறது. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனெவிரத்ன தலைமையிலான குழுவினர் மன்னாரில் கடற்புறாக்களின் முதுகில் செய்மதி வழி இடங்காட்டும் சிறு கருவிகளைப் பொருத்தினர். அவை பாக்கு நீரிணையைக் கடந்து, இந்தியாவின் மேலாகப் பறந்து, ரஷ்யாவின் ஆர்க்டிக் பிரதேசத்தை அடைந்ததை ஆய்வாளர்கள் கணினித் திரையில் பின்தொடர்ந்தார்கள். சத்திமுத்தப் புலவரின் நாரை கொண்டுபோன செய்தி சேர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. மன்னாரின் கடற்புறாவோ போகும் வழியெல்லாம் செய்தி அனுப்பிக்கொண்டே போயிற்று.

அம்பாறை மாவட்டத்துக்கு இந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. இத்தனைக்கும் நாட்டின் மிகச் சிறந்த பறவைத் தலங்களுள் ஒன்று எங்கள் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. 1938இலேயே சரணாலயமாக்கப்பட்ட குமண அது. போரின் காரணமாக 1985இல் மூடப்பட்ட அந்தப் பூங்கா 2003இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் அங்கே பறவைகள் வந்தன, போயின, கூடு கட்டின. ஒழுங்காக எண்ணிக் குறிக்க வழியிருக்கவில்லை. திறந்து இரண்டு ஆண்டுகள் நிறையுமுன்னே 2004 டிசெம்பர் 26 வந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அந்த நாட்களில் நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தது வேறு எண்ணிக்கை. குருவியை எண்ண எவருக்கும் மனமிருக்கவில்லை. அதில் குறை சொல்ல ஏதுமில்லை.

ஆனால் அதற்குப் பின் நடந்ததை யோசித்துப் பாருங்கள். மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரை, கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்துண்டில் நெருக்கியடித்து வாழ்பவர்கள் நாங்கள். 2005இல், கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. கடற்பக்கம் போக முடியாதவர்கள் வேறெங்கே போவார்கள்? மேற்கே பள்ளக் காணிகள் நிரப்பப்பட்டன. வீடிழந்தவனுக்கு வீடு வேண்டும் என்பதை மறுக்க என்னால் இயலாது. ஆனால் வீட்டுக்காக நிரப்பியது போய், கடைக்கும் குப்பைக்கும் நிரப்புவது பழக்கமாகிவிட்டது. மாரி வெள்ளம் வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் தண்ணீர் நின்ற இடம் எது என்று நினைவுக்கு வருகிறது.

இங்கேதான் குறிப்பேடு தேவைப்படுகிறது. பூந்தலவைப் பாருங்கள். ஒரு காலத்தில் பூநாரைகளுக்குப் பேர் போன களப்புகள் அவை. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் கழிவு நீர் அங்கே வடிந்து, உப்புத்தன்மை குறைந்து, பூநாரைகளின் இரை அருகிப்போனதால் அவை வருவதை நிறுத்திக்கொண்டன. இதை நாம் உறுதியாகச் சொல்ல முடிவது, அங்கே ஆண்டுதோறும் எண்ணியவர்கள் இருந்த காரணத்தால். நாளைக்குக் கிட்டங்கியிலோ கரவாகு வட்டையிலோ உள்ளான் இறங்காமல் போனால் நாம் எதைக் காட்டுவோம்? "முந்தி நிறைய வந்தது" என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியிடம் வாதாடுவோம்?

நோக்கு நிலையம் கட்டுவதற்குக் காசு வேண்டும். எழுதி வைப்பதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். திகதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை என்ற ஐந்து விபரங்கள் போதுமானவை. 2002இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஓடுபொன் சங்கமும் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் உலகின் எந்த மூலையிலிருந்தும் இக்குறிப்புகளைப் பதியலாம். எங்கள் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் நினைத்தால் பெப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை வாரம் ஒரு காலைப்பொழுதை மாணவர்களோடு வட்டையில் செலவிடலாம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பத்து வருடம் எண்ணினால் அது ஆவணம். பறவை இல்லாத நாளில் "இல்லை" என்று எழுதுவதும் அந்த ஆவணத்தின் பகுதியே. கடைசியாகக் கண்ட நாள் எது என்பதை அந்த "இல்லை"கள்தான் நிச்சயப்படுத்தும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பலர் கட்டாரிலும் துபாயிலும் சவூதியிலும் உழைக்கிறார்கள். மன்னாருக்கு வருகிற அதே இனக் கடற்புறா வளைகுடாக் கரைகளிலும் மாரியைக் கழித்துவிட்டு வடக்கே போகிறது. வெள்ளிக்கிழமை ஓய்வில் கடற்கரைக்குப் போகும் தம்பிமார், அது கூட்டமாகக் கிளம்புவதைக் கண்டால் அன்றைய திகதியைக் குறித்து எனக்கு எழுதுங்கள். கிட்டங்கித் திகதிகளை நான் இங்கிருந்து எழுதுகிறேன்.