கணினி போடும் கணக்கு

‘அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்’ விளையாட்டில் எதிரணிகளைக் கணினிதான் நடத்தும். நேற்று ஓர் அணி, வெளுத்துக்கட்டிய இளைஞனைக் கீழ்நிலை அணிக்கு இறக்கிவிட்டு, வயதான ஒருவரை மேலே ஏற்றியது. இலங்கையின் டிக்கோயாவில் கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த எனக்கு முதலில் விளங்கவில்லை. திறன் மதிப்பெண்ணோடு, இந்தப் பருவம், போன பருவம், அதற்கு முந்தியது என மூன்றின் ஆட்டக் கணக்கையும் கணினி சேர்த்தே எடைபோடுமாம். சில வார அதிரடி அதற்குப் பெரிதில்லை.

ஆனால், நம் கிரிக்கெட்டில் நடந்தது வேறு. ஆரம்பத்தில் சுழற்பந்து வீச்சாளராகவே பார்க்கப்பட்ட சனத் ஜயசூரியவை 1996 உலகக் கிண்ணத்தில் தொடக்க ஆட்டக்காரராக இறக்கி, முதல் 15 ஓவருக்குள் அடித்தாட விட்டார்கள். தொடர் நாயகன் அவர்தான், கிண்ணமும் நமக்கே.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைக் கிரிக்கெட் அணிக்குத் தெரிவு செய்பவர்களே, புள்ளிவிவரம் பாருங்கள். மைதானத்துக்கு வந்து ஆளையும் பாருங்கள்.