தொட்டிலில் தொடங்கும் தமிழ்

பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்கள் பிறந்த ஊரிலிருந்து தம்முடன் கொண்டு சென்ற பொருள்கள் பல. அம்மியும் ஆட்டுக்கல்லும், குத்துவிளக்கும் குலதெய்வத்தின் படமும் அவற்றுள் அடங்கும். காலப்போக்கில் அம்மியின் இடத்தில் மிக்ஸி வந்து அமர்ந்தது. விளக்கும் படமும் நிலைத்தன. ஆனால், சுமக்க வேண்டாத, செலவு வைக்காத ஒரு செல்வம் மட்டும் பல இல்லங்களில் ஒரே தலைமுறையில் காணாமற் போய்விடுகிறது. அதுதான் மொழி. அது எங்கே தொலைகிறது, தொலையாமல் காப்பது எவ்வாறு என்பது பற்றி, சிறு குழந்தைகளை வளர்க்கும் இளம் பெற்றோருக்குச் சில சொல்ல விழைகிறேன். நான் மொழியறிஞர் அல்லேன், பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்த்த ஒரு தாய், அவ்வளவே.

1983-ஆம் ஆண்டு மணமாகித் திருப்பூணித்துறைக்கு வந்தேன். கொச்சி அரச குடும்பத்தின் ஊர் இது. 1865-இல் எழுந்த ஹில் பேலஸ் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. பூர்ணத்ரயீசர் கோயிலின் விருச்சிக உற்சவத்தில் யானைகள் அணிவகுக்கும். ஆவணியில் அத்தச்சமய ஊர்வலம் தெருவெல்லாம் நிறைந்து செல்லும். என் கணவர் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு வணிகரிடம் கணக்கெழுதினார். காலையில் பேருந்தில் எர்ணாகுளம் சென்று, அங்கிருந்து படகேறி மட்டாஞ்சேரித் துறையில் இறங்குவார், இரவில்தான் திரும்புவார். பகலெல்லாம் எனக்குத் துணையாக இருந்தவர்கள் பக்கத்து வீட்டுச் சேச்சியும், அவர் பேசிய மலையாளமும். அந்த மொழியும் அந்த மக்களும் எங்களை அன்போடு அணைத்துக்கொண்டனர் என்பதை முதலில் நன்றியோடு சொல்லிவிட வேண்டும். ஆகவே, நான் இங்குக் கூறப்போவது மலையாளத்துக்கு எதிரான வழக்கு அன்று.

மலையாளமும் தமிழும் உடன்பிறந்தவை. அதனாலேயே ஒரு சிக்கலும் உண்டு. ஒலியால் ஒன்றாக இருக்கும் சொற்கள் சில, பொருளால் வேறுபட்டு நிற்கின்றன. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் தண்ணீர். ‘பனி’ என்றால் காய்ச்சல். ‘களி’ என்றால் விளையாட்டு. பெரியவர்களுக்கு இவை வேடிக்கை. குழந்தைகளுக்கோ சில நேரங்களில் வேடிக்கையாக முடிவதில்லை.

எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பத்தில் நடந்த நிகழ்ச்சி இது. தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். நான்கு வயது மகன் பகற்பொழுதெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளிலேயே வளர்ந்தான். மலையாளம் அவன் நாவில் தேனாய்ப் பாய்ந்தது. கோடை விடுமுறையில் அவனை ஆச்சியிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினர். இரண்டாம் நாள் மாலை, “ஆச்சி, எனிக்குப் பனி” என்றான். சித்திரை மாதத்தில் பனியா என்று சிரித்த ஆச்சி, காற்று உறைக்கிறது போலும் என்று எண்ணிச் சன்னலைச் சாத்தினார். சிறிது நேரம் கழித்து, “வெள்ளம் வேணம்” என்றான். “மழை பெய்யட்டும் ராசா, ஆத்துல வெள்ளம் வரும், காட்டுறேன்” என்றார் ஆச்சி. இரவில் அருகே படுத்து அணைத்தபோதுதான் பிள்ளையின் உடல் அனலாய்க் கொதிப்பதை அறிந்தார். மருத்துவரிடம் ஓடினார்கள்; காய்ச்சல் இரண்டு நாளில் தணிந்தது. ஆனால் அந்த ஆச்சியின் நெஞ்சு தணியவில்லை. “தாகம்னு கேட்ட பிள்ளைக்கு வெள்ளம் காட்டுறேன்னு சொன்னேனே!” என்று மகளிடம் சொல்லிச் சொல்லி அழுதாராம். பேரனிடம் அன்பு இருந்தது. ஆச்சியிடமும் அன்பு இருந்தது. இடையில் ஒரு பாலம்தான் இல்லை.

தாய்மொழியை இழப்பதால் வரும் நட்டம் யாது என்று கேட்பவர்களுக்கு நான் இலக்கியப் பெருமையைச் சொல்வதில்லை. இந்த ஆச்சியைத்தான் சொல்வேன்.

மொழியைக் காப்பது அரசா, பள்ளியா, சங்கமா? உலகைச் சுற்றிப் பார்த்தால் விடை தெளிவாகும். மொரீசியசு நாட்டின் பணத்தாளில் தமிழ் எழுத்து அச்சாகிறது. ஆயினும் அங்குள்ள தமிழ் வழியினரின் இல்லங்களில் பெரும்பாலும் ஒலிப்பது கிரியோல் மொழியே. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற முதற்கப்பல் 1860-இல் கரை சேர்ந்தது. அவர்தம் வழித்தோன்றல்களிடம் தமிழ்ப் பெயரும் காவடியும் நிலைத்திருக்க, வீட்டு மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்டது. இனி நம் அருகே நோக்குவோம். ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் உள்ள டோபிகானாவில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் வந்தனர் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. பணத்தாளில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் வீட்டில் தமிழ் இருக்கிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களும் அவ்வாறே. மலையாளச் சொற்கள் எத்தனை கலந்தாலும், அடுக்களையில் பேசுவது தமிழாகவே இருந்ததால் அது நூற்றாண்டுகளைத் தாண்டி நின்றது. தாளில் அச்சானது தவறிப்போகலாம். அடுக்களையில் புழங்குவது பிழைத்துக்கொள்ளும்.

குழந்தைக்கு மொழி எப்போது வருகிறது என்பதை நம் முன்னோர் நுட்பமாகக் கண்டிருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழவிப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. ஒரு கணக்கின்படி மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் நடந்து வருமாறு அழைக்கும் வருகை, பதினைந்தில் நிலவை விளையாட அழைக்கும் அம்புலி. தால் என்பது நாவைக் குறிக்கும். அதிலிருந்தே தாலாட்டு என்னும் சொல் பிறந்தது என்பர். இன்றைய குழந்தை மருத்துவர்களும் ஏறக்குறைய இதையே கூறுகின்றனர். ஆறு, ஏழு மாதங்களில் குழந்தை ‘பபப, மமம’ என்று ஒலியடுக்கிப் பழகுகிறது. ஒன்பது மாத அளவில் கைதட்டுகிறது. ஓராண்டை ஒட்டி முதற்சொல் பிறக்கிறது. ஆகவே, ‘பள்ளி செல்லும் வயதில் தமிழ் கற்பிப்போம்’ என்று காத்திருப்பது, பால் குடிக்கும் வயதைக் கடத்திவிட்டுப் பாலூட்ட முனைவது போன்றது. தாலாட்டுப் பருவத்திலேயே தமிழ் தொடங்கிவிட வேண்டும்.

இதற்கெனத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. குளியல், உணவு, உறக்கம் ஆகிய மூன்றும் நாள்தோறும் தவறாமல் வருபவை. இம்மூன்றையும் தமிழுக்கு உரியவை ஆக்கிவிட்டாற் போதும். எண்ணெய் தேய்க்கும்போது ‘இது கை, இது முழங்கை, இது விரல்’ என்று சொல்லித் தேய்க்கலாம். ஆறு மாதம் முடிந்து தாய்ப்பாலோடு திட உணவு தொடங்கும்போது, பக்கத்து வீட்டுச் சேச்சி கற்றுத் தந்த குன்னங்காய்ப் பொடிக் குறுக்கைத்தான் நானும் காய்ச்சினேன். நம் ஊர்க் கேழ்வரகுக் கூழும் உடன் இருந்தது. கிண்ணத்தில் இருந்தது கேரளம். ‘ஆ காட்டு கண்ணே’ என்று ஊட்டியது தமிழ். இரண்டும் குழந்தைக்குச் செரித்தன! நிலவைக் காட்டிச் சோறூட்டும்போது, குழந்தை ‘மதி, மதி’ என்று சொன்னால் அது அம்புலியை அழைப்பதாக மகிழ்ந்துவிடாதீர்கள். மலையாளத்தில் ‘மதி’ என்றால் ‘போதும்’. அவ்வேளையில், “போதுமா? வயிறு நிறைந்ததா?” என்று தமிழில் திருப்பிக் கேளுங்கள். அதுவே பாடம்.

குழந்தை இரு மொழிகளைக் கலந்து பேசும். அதைக் கண்டு அஞ்சவும் வேண்டா, நகைக்கவும் வேண்டா. ‘அம்மா, வெள்ளம் தா’ என்றால், ‘தண்ணீரா? இதோ தண்ணீர்’ என்று கொடுத்தாற் போதும். ‘தண்ணீர் என்று சொன்னால்தான் தருவேன்’ என்று தாகத்தோடு நிற்கும் பிள்ளைக்கு இலக்கணம் நடத்துவது கொடுமை. சிறுவயதுக் கலப்பு குழப்பம் அன்று. தன்னிடமுள்ள சொற்களைக் கொண்டு காரியம் முடிக்கும் திறமை அது. யாரிடம் எம்மொழி பேசுவது என்பதைப் பிள்ளைகள் வியக்கத்தக்க விரைவில் பிரித்தறிந்து கொள்கின்றனர்.

மற்றொன்றையும் நான் கூர்ந்து கண்டிருக்கிறேன். சில வீடுகளில் பாராட்டுவதற்கு ஆங்கிலம், கொஞ்சுவதற்கு மலையாளம், திட்டுவதற்கு மட்டும் தமிழ் என்று ஆகிவிடுகிறது. ‘வெரி குட்’ என்று புகழ்ந்த அதே வாய், சினம் வந்ததும் ‘சனியனே’ என்கிறது. அக்குழந்தை வளர்ந்த பின் தமிழைக் கேட்டாலே முகம் சுளித்தால் அதில் வியப்பென்ன? எம்மொழியில் முத்தம் கிடைக்கிறதோ அம்மொழியைத்தான் பிள்ளை நாடும். கடிந்துகொள்ள நேரின் எம்மொழியிலும் கடிந்துகொள்ளலாம். கொஞ்சுவதற்குத் தமிழை வைத்துக்கொள்ளுங்கள்.

என் மூத்த மகளைச் சேர்த்த ஒரு பள்ளியில், “வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், குழந்தை பின்தங்கிவிடும்” என்று அறிவுரை கூறினார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. இன்றும் இவ்வாறு சொல்வோர் உளர். இரு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு முடங்குவதில்லை என்பது இன்று ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்பிய உண்மை. இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லேனும் பேசாத குழந்தையையும், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும் மருத்துவரிடம் காட்டிச் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். ‘இரண்டு மொழி கேட்கிறது, அதனால் தாமதம்’ என்று பழியை மொழியின்மேல் போட்டுவிட்டுக் காலத்தைக் கடத்துதல் தீது.

இக்காலத்தில் தொட்டிலுக்குப் போட்டியாகக் கைப்பேசி வந்துவிட்டது. ஒரு வயது வரையிலும், அதற்கடுத்த ஆண்டிலும் குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டா என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகலாகாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. திரையில் ஓடும் தமிழ்ப் பாட்டு, தாய் பாடும் தமிழ்ப் பாட்டுக்கு ஈடாகாது. திரை பதில் சொல்வதில்லை அன்றோ! ஆனால் ஊரிலுள்ள தாத்தாவும் பாட்டியும் அதே கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது வேறு. அங்கே கேள்வியும் பதிலும் உண்டு. ஞாயிறுதோறும் கால் மணி நேரம் அவ்வாறு பேச வைத்தால் இரு தலைமுறைகளும் பயனடையும்.

எழுத்தைப் பற்றியும் கேட்பார்கள். அவசரம் வேண்டா. கேரளத்துப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம் என்று 2017-இல் சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளைகள் அதை நன்றாகவே கற்கட்டும். உ, ண, த, வ போன்ற எழுத்துகள் இரு மொழிகளிலும் ஏறத்தாழ ஒரே சாயலில் அமைந்தவை. ஒன்றைக் கற்றவர்க்கு மற்றது பகையாகாது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று மிரட்டாமல், உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்றும் சில குறிகளும் என்று சொல்லுங்கள். முதலில் தன் பெயர், பின்பு அம்மா, அப்பா, பாட்டி பெயர் என எழுதட்டும்.

இரவில் களைத்து வந்த என் கணவர், உறங்கும் பிள்ளையையும் மெல்லத் தட்டிக் கொடுத்து இரண்டு சொல் பேசாமல் உண்ண அமர்ந்ததில்லை. இன்று காக்கநாட்டு இன்ஃபோபார்க்கில் தாய் தந்தை இருவரும் பணியாற்றும் வீடுகள் பல. நேரமில்லை என்னும் அவர்களது ஏக்கத்தை நான் அறிவேன். இச்சேர மண்ணைச் சேர்ந்த குலசேகர ஆழ்வார், தம் பெருமாள் திருமொழியில் ஒரு பதிகத்தைத் தேவகியின் புலம்பலாகவே பாடினார். பெற்றும் தாலாட்டப் பெறாத தாயின் துயரம் அது. அடுத்த பதிகமோ இராமனுக்குத் தாலாட்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணின் அரசர் ஒருவர் அறிந்திருந்த துயரத்தை நம் காலத்துத் தாய்மார் சுமக்க வேண்டுவதில்லை. உறங்கும் முன் அரை மணி நேரம் இருக்கிறது. தந்தைக்கும் அது உரியது. 1813-இல் பிறந்த சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி இயற்றிய மலையாளத் தாலாட்டைப் பக்கத்து வீட்டுச் சேச்சி பாடட்டும். நம் ஊர் ஆராரோவை நாம் பாடுவோம். இரண்டையும் கேட்டு உறங்கும் குழந்தை இரட்டைச் செல்வம் பெற்ற குழந்தை.

அன்பார்ந்த இளம் பெற்றோரே! உங்கள் பிள்ளை தமிழில் புலவராக வேண்டுமென்று நான் வேண்டவில்லை. பசி, தாகம், வலி, காய்ச்சல், பயம், ஆசை என்னும் இச்சொற்களை முதலில் கொடுங்கள். ஊருக்குச் சென்ற முதல் நாளிலேயே ஆச்சியின் மடியில் அமர்ந்து, தனக்கு என்ன வேண்டுமென்று அது தயங்காமல் சொல்லட்டும், ஆச்சி சொல்லும் கதையைக் கேட்டு, “அப்புறம்?” என்று கேட்கட்டும். அந்த ஒரு சொல் அதன் வாயில் இருக்கும்வரை, எம்மண்ணில் வாழ்ந்தாலும் நம் இல்லங்களில் தமிழ் வாழும்.