நள்ளிரவிலும் தட்டுங்கள்

நோயில் பூசுதல் என்னும் திருவருட்சாதனத்தை நம் முன்னோர் 'அவஸ்தைப் பூசுதல்' என்றே அழைத்தனர். உயிர் பிரியும் வேளையில்தான் குருவை அழைக்க வேண்டும் என்ற எண்ணமும் அப்பெயரோடு வேரூன்றிவிட்டது. அது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவாகக் கூறியது. ஆயினும் இன்றும் பல வீடுகளிலிருந்து அழைப்பு வருவது கடைசி நாழிகையிலேதான். குருவுக்கு நேர்வதே மருத்துவருக்கும் நேர்கிறது.

சுத்துக்கேணியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் புற்றுநோயால் வருந்துவோர் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனையையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். காலையில் சென்று, காத்திருந்து, கீமோ மருந்து ஏற்றிக்கொண்டு, மாலைப் பேருந்தில் வீடு திரும்புகின்றனர். அடுத்த தவணை வரை அவர்களைக் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டாரே. அந்த இடைநாள்களைப் பற்றியே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கீமோ மருந்து புற்றணுக்களை மட்டும் தாக்குவதில்லை. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களையும் குறைத்துவிடுகிறது. பல மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் அவை மிகத் தாழ்ந்துவிடும். அப்போது சீழோ வீக்கமோ தோன்றாமலே கிருமி குருதியில் பரவக்கூடும். காய்ச்சல் ஒன்றே எச்சரிக்கை மணியாக ஒலிக்கும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால், நள்ளிரவாயினும் புறப்பட வேண்டும். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாடிக் மருந்து நரம்பில் ஏற்றப்பட வேண்டும் என்பதே மருத்துவர்களின் நெறி. பாராசிட்டமால் விழுங்கிவிட்டு விடியலுக்குக் காத்திருப்பது, அபாய மணியின் நாக்கைக் கட்டிவிட்டுத் தீ அணைந்தது என்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

காய்ச்சல் மட்டுமன்று. உடல் உதறும் குளிர்நடுக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நிற்காத இரத்தக்கசிவு, கரிய மலம், தண்ணீரும் தங்காத வாந்தி, ஓயாத வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், வலிப்பு, ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. முதுகுவலியோடு கால்கள் சோர்ந்தாலோ, சிறுநீர் கழிக்க இயலாமற் போனாலோ, தண்டுவடம் நெருக்குண்டிருக்கலாம். காலம் தாழ்த்தினால் நடக்கும் ஆற்றலே போய்விடும்.

இவற்றை அறிந்தும் நம் மக்கள் தயங்குவது ஏன்? பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நாணமே பெரிய தடை. "பிள்ளை காலையில் வேலைக்குப் போக வேண்டும், எழுப்பாதே" என்று தடுத்த ஒரு தாயை நாம் அறிவோம். மருமகள் கேட்கவில்லை, 108-ஐ அழைத்தாள். அத்தாய் மூன்று வாரங்களுக்குப்பின் திருப்பலிக்கு வந்தார். மாமியாரின் சொல்லை மீறிய அந்த மருமகளின் கீழ்ப்படியாமையை நாம் எப்படிக் குற்றம் என்போம்?

நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கேட்ட மனிதனை லூக்கா நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். அவன் வெட்கப்படவில்லை, ஆண்டவரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக் 38-ஆம் அதிகாரம், செபத்தையும் மருந்தையும் பிரித்து வைக்கவுமில்லை. தைலம் பூச வரும் குருவும் ஊசியோடு வரும் மருத்துவரும் ஒருவருக்கொருவர் மாற்று அல்லர்.

எனவே, அன்பர்களே, சிகிச்சை பெறுபவர் உள்ள வீட்டில் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். மருத்துவமனைச் சீட்டுகள் ஒரே பையில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அவசரப் பிரிவில் நுழைந்ததும், "கீமோ ஏற்றி இத்தனை நாள் ஆகிறது" என்பதே முதற்சொல்லாகட்டும். அயலார் வாகனம் தந்து உதவட்டும். நம்மையும் அழையுங்கள், எந்நேரமாயினும் வருவோம். ஆனால் முதலில் 108-ஐ அழையுங்கள்.